ஸ்டான்லி மில்கிராம்

ஸ்டான்லி மில்கிராம் (ஆகஸ்ட் 15, 1933 – டிசம்பர் 20, 1984) அமெரிக்காவைச் சேர்ந்த சமூக உளவியலாளர் ஆவார். அதிகாரத்திற்குக் கீழ்ப்படிதல் குறித்து 1961, 1962 ஆண்டுகளில் யேல் பல்கலைக்கழகத்தில் இவர் நடத்திய சோதனைகள், உளவியல் வரலாற்றில் மிக அதிகமாக விவாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். தமக்கு எத்தீங்கும் செய்யாத ஒருவருக்கு, அதிகாரம் உடைய வேறொருவரின் சொல்லுக்காகச் சாதாரண மனிதர்கள் எந்த அளவிற்குத் துன்பம் இழைப்பர் என்பதை இச்சோதனைகள் அளந்தன. அதே வேளையில், அறிவியலின் பெயரால் ஓர் ஆய்வாளர் தம்மை நம்பி வந்தவர்களை எந்த அளவிற்கு ஏமாற்றலாம், எந்த அளவிற்கு வருத்தலாம் என்ற கேள்வியையும் இவை எழுப்பின. மனிதர்களைக் கொண்டு நடத்தப்படும் உளவியல் சோதனைகளின் அறநெறி பற்றிய பாடங்கள் பெரும்பாலும் இவரிடமிருந்தே தொடங்குகின்றன.

பிறப்பும் கல்வியும்

மில்கிராம் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை அங்கேரியிலிருந்தும் தாய் ருமேனியாவிலிருந்தும் அமெரிக்காவில் குடியேறியவர்கள். தந்தை ரொட்டி, கேக் செய்யும் தொழிலில் இருந்தார். மூன்று பிள்ளைகளில் மில்கிராம் இரண்டாமவர். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பிய யூதர்களுக்கு நேர்ந்த பேரழிவு அக்குடும்பத்தை நெருக்கமாகத் தொட்டது. 1946இல், பதின்மூன்று வயது நிறைவையொட்டி யூதச் சிறுவர்களுக்கு நடத்தப்படும் சடங்கில் மில்கிராம் ஆற்றிய உரை, ஐரோப்பிய யூதர்கள் பட்ட துயரைப் பற்றியதாகவே இருந்தது. பின்னாளில் அவர் தேர்ந்துகொண்ட ஆய்வுப் பொருளின் வேர் இங்கு இருப்பதாகக் கருதலாம்.

ஜேம்ஸ் மன்றோ உயர்நிலைப் பள்ளியில் இவருடன் ஒரே வகுப்பில் பயின்றவர் பிலிப் ஜிம்பார்டோ. 1971இல் ஸ்டான்போர்டு சிறைச் சோதனையை நடத்திப் புகழையும் கண்டனத்தையும் ஒருங்கே பெற்றவர் அவர். மனிதப் பங்கேற்பாளர்கள் தொடர்பான அறநெறி விவாதத்தில் இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படும் இரு சோதனைகளின் ஆசிரியர்களும் ஒரே பள்ளி வகுப்பறையிலிருந்து வந்தவர்கள் என்பது வியப்பிற்குரியது.

1954இல் குயின்ஸ் கல்லூரியில் அரசியல் அறிவியலில் பட்டம் பெற்ற மில்கிராம், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சமூக உறவுகள் துறையில் முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பித்தார். உளவியலில் ஒரு பாடம்கூடப் படித்திராததால் விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. அக்கோடையிலேயே நியூயார்க்கின் வெவ்வேறு கல்லூரிகளில் தேவையான பாடங்களைப் படித்து முடித்து, அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஹார்வர்டில் சேர்ந்தார். அங்கு கார்டன் ஆல்போர்ட் இவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். வருகைப் பேராசிரியராக வந்த சாலமன் ஆஷுக்கு மில்கிராம் உதவியாளராகப் பணியாற்றினார். ஒரு குழுவில் மற்ற அனைவரும் கண்ணெதிரே உள்ள கோட்டின் நீளத்தைத் தவறாகச் சொன்னால், தனியொருவர் தம் கண்ணை நம்புவாரா, குழுவோடு ஒத்துப்போவாரா என்பதை ஆராய்ந்தவர் ஆஷ். இம்முறையைத் தழுவி, கோட்டிற்குப் பதிலாக ஒலியைப் பயன்படுத்தி, நார்வேயிலும் பிரான்சிலும் மில்கிராம் சோதனைகள் நடத்தினார். நார்வே மாணவர்கள் பிரெஞ்சு மாணவர்களைவிட அதிகமாகக் குழுவோடு ஒத்துப்போவதை அவர் கண்டார். 1960இல் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் யேலில் உதவிப் பேராசிரியரானார்.

கீழ்ப்படிதல் சோதனைகள்

கோட்டின் நீளத்தைத் தவறாகச் சொல்வதால் யாருக்கும் தீங்கில்லை. உண்மையிலேயே தீங்கு விளையக்கூடிய ஒரு செயலில் மனிதர் எவ்வளவு தூரம் வளைந்து கொடுப்பார் என்பதே மில்கிராமை உறுத்திய கேள்வி. நாசி அதிகாரி அடோல்ஃப் ஐக்மன் மீதான வழக்கு 1961 ஏப்ரலில் ஜெருசலேமில் தொடங்கியது. யேலில் முதன்மைச் சோதனைகள் அவ்வாண்டு ஆகஸ்டில் தொடங்கி 1962 மே வரை நடந்தன. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியுதவி அளித்தது.

நினைவாற்றல், கற்றல் பற்றிய ஆய்வுக்கு ஆட்கள் தேவை என நியூ ஹேவன் நகரச் செய்தித்தாளில் விளம்பரம் வெளியானது. ஒரு மணி நேரத்திற்கு 4 டாலரும் வழிச்செலவுக்கு 50 சென்ட்டும் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அஞ்சல் ஊழியர், ஆசிரியர், விற்பனையாளர், பொறியாளர், கூலித் தொழிலாளி எனப் பலதரப்பட்டவர்கள் வந்தனர். வந்தவரை மற்றொரு 'பங்கேற்பாளருடன்' அமரவைத்து, யார் ஆசிரியர், யார் மாணவர் என்று சீட்டெடுக்கச் செய்தனர். இரு சீட்டிலும் ஆசிரியர் என்றே எழுதப்பட்டிருந்தது. மற்றவர் முன்கூட்டியே பழக்கப்பட்ட நடிகர். தொழிலால் கணக்கர், பார்ப்பதற்குச் சாதுவானவர், நடுவயதினர். அவரை அடுத்த அறையில் நாற்காலியில் வார்களால் கட்டி, மணிக்கட்டில் மின்முனை பொருத்தினர். சாம்பல் நிற மேலங்கி அணிந்த ஆய்வாளராக நடித்தவரோ ஓர் உயர்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்.

'ஆசிரியர்' முன் வைக்கப்பட்ட கருவியில் 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை 30 விசைகள் இருந்தன. மாணவர் சொல் இணைகளை நினைவுகூர்வதில் தவறும் ஒவ்வொரு முறையும் ஒரு படி உயர்த்தி மின்னதிர்ச்சி தரவேண்டும். கருவி உண்மையானது என்று நம்பச்செய்ய, 45 வோல்ட் அதிர்ச்சி ஒன்று முதலில் ஆசிரியருக்கே தரப்பட்டது. அந்த அறையில் உண்மையான மின்னதிர்ச்சி அது ஒன்றுதான். 1963இல் வெளியான முதல் கட்டுரை விவரிக்கும் சோதனையில், 300 வோல்ட்டில் மாணவர் சுவரை ஓங்கித் தட்டினார். 315க்குப் பின் சுவர் தட்டும் ஓசையும் இல்லை, விடையும் இல்லை. பங்கேற்பாளர் தயங்கினால், சோதனை தொடரவேண்டும் என்று ஆய்வாளர் நான்கு படிகளில் சற்றே கடுமை கூட்டிச் சொல்வார். மிரட்டல் எதுவும் இல்லை. எழுந்து சென்றாலும் பணம் உண்டு என்பது தொடக்கத்திலேயே சொல்லப்பட்டிருந்தது.

இறுதி விசை வரை செல்வோர் ஆயிரத்தில் ஒருவர் அளவிலேயே இருப்பர் என மனநல மருத்துவர்கள் குழு ஒன்று கணித்திருந்தது. நாற்பது ஆடவர்களில் 26 பேர், அதாவது 65 விழுக்காட்டினர், 450 வோல்ட் வரை சென்றனர். 300 வோல்ட்டுக்கு முன் ஒருவர்கூட நிறுத்தவில்லை.

இந்த எண்ணிக்கை பலரும் அறிந்ததே. எனினும் அதே கட்டுரையின் மற்றொரு பகுதிதான் அறநெறி விவாதத்திற்கு வித்திட்டது. விசையை அழுத்தியவர்கள் அமைதியாக அழுத்தவில்லை. வியர்த்தனர், நடுங்கினர், திக்கினர், உதட்டைக் கடித்தனர், நகத்தைத் தம் சதையில் பதித்தனர். 14 பேரிடம் இடத்திற்குப் பொருந்தாத பதற்றச் சிரிப்பு தோன்றியது. மூவருக்கு அது கட்டுப்படுத்த இயலாத வலிப்பு போன்ற நிலையாக முற்றியது. அவர்களில் ஒருவரின் நிலை மோசமாகவே சோதனையை இடையில் நிறுத்த நேர்ந்தது. அவர் 46 வயதான கலைக்களஞ்சிய விற்பனையாளர். தன்னம்பிக்கையுடன் புன்னகைத்தவாறு நுழைந்த ஒரு வணிகர் இருபது நிமிடங்களுக்குள் நிலைகுலைந்துபோனதையும் மில்கிராம் மறைக்காமல் எழுதினார். இவற்றை எழுதியவர் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், தொடர்ந்து நடத்தினார் என்பதே பின்னர் அவர் மீது சாட்டப்பட்ட குற்றத்தின் சாரம்.

சோதனை பல மாறுபாடுகளுடன் திரும்பத் திரும்ப நடத்தப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 780 பேர் பங்கேற்றனர். மாணவர் அதே அறையில் இருந்தபோது கீழ்ப்படிந்தோர் 40 விழுக்காடு; அவர் கையைப் பிடித்து மின்தகட்டில் அழுத்தவேண்டும் என்றபோது 30 விழுக்காடு. ஆய்வாளர் தொலைபேசியில் ஆணையிட்டபோது இது ஏறக்குறைய 20 விழுக்காடாகக் குறைந்தது. உடனிருந்த இருவர் மறுத்து எழுந்தபோது நாற்பதில் நால்வரே இறுதி வரை சென்றனர். மாறாக, வேறொருவர் விசையை அழுத்தத் தாம் துணைவேலை மட்டும் செய்தவர்களில் 37 பேர் கடைசி வரை உட்கார்ந்திருந்தனர். பெண்களிடம் நடத்தியபோதும் 65 விழுக்காடே கிடைத்தது. ஆகவே இச்சோதனைகள் காட்டியது மனிதரின் கொடுமைக் குணத்தை அன்று, சூழ்நிலையின் வலிமையை என்பது மில்கிராமின் வாதம். 65 என்ற ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடும் பழக்கம் பாடநூல்களிலும் உண்டு.

அறநெறி விவாதம்

கட்டுரை வெளியாகும் முன்னரே எதிர்ப்பு தொடங்கிவிட்டது. சோதனைகளின் அறநெறி குறித்த ஐயம் எழுந்ததால், அமெரிக்க உளவியல் கழகத்தில் உறுப்பினராகச் சேர மில்கிராம் அளித்த விண்ணப்பம் ஏறத்தாழ ஓர் ஆண்டு நிறுத்திவைக்கப்பட்டது.

1964இல் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் அமெரிக்க உளவியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை இவ்விவாதத்தின் அடிக்கல் எனலாம். ஆய்வுக்கூடத்திற்கு வருபவர் ஆய்வாளரை நம்பி, அவர் சொல்கேட்கும் மனநிலையிலேயே வருகிறார். அந்த நம்பிக்கையையே பயன்படுத்தி அவரை வருத்துவது முறையன்று என்பது அவர் வாதம். தாம் எத்தகையவர் என்று அறிந்துகொண்ட அதிர்ச்சியை ஒருவர் நெடுங்காலம் சுமக்க நேரிடலாம் என்றும், உளவியலாளர்கள் மீது பொதுமக்களுக்குள்ள நம்பிக்கை குலையும் என்றும் அவர் கூறினார். ஆய்வுக்கூடத்தில் கீழ்ப்படிவது இயல்பான ஒன்று என்பதால், அதிலிருந்து நாசி செர்மனியைப் பற்றி முடிவுக்கு வர இயலாது என்பதும் அவர் கருத்தாக இருந்தது.

அதே ஆண்டில் அதே இதழில் மில்கிராம் மறுமொழி எழுதினார். இத்தனை பேர் கீழ்ப்படிவர் என்பதோ, இத்தனை பதற்றம் எழும் என்பதோ முன்கூட்டியே எதிர்பார்க்கப்படவில்லை என்றார். ஒவ்வொரு அமர்விற்குப் பின்னும் பங்கேற்பாளர் 'மாணவரை' நலமுடன் சந்திக்கச் செய்யப்பட்டார் என்றும், பின்னர் அனைவருக்கும் அறிக்கையும் வினாப்படிவமும் அனுப்பப்பட்டன என்றும் விளக்கினார். விடையளித்தவர்களில் ஏறக்குறைய 84 விழுக்காட்டினர் பங்கேற்றதில் மகிழ்ச்சி தெரிவித்தனர், வருந்தியோர் 1.3 விழுக்காட்டினர் மட்டுமே. ஓராண்டுக்குப் பின் மனநல மருத்துவர் ஒருவர் நாற்பது பேரை நேர்கண்டு, எவரிடமும் நிலைத்த பாதிப்பு இல்லை என அறிவித்தார். வியட்நாம் போர்க் காலத்தில், முன்னாள் பங்கேற்பாளர் ஒருவர் மனச்சான்றின்படி படையில் சேர மறுத்தார். அதற்கு இச்சோதனையில் பெற்ற அறிவு ஒரு காரணம் என்று மில்கிராமுக்குக் கடிதம் எழுதினார்.

இம்மறுமொழியில் வலுவான பகுதியும் உண்டு, வலுவற்ற பகுதியும் உண்டு. சோதனைகளின் முடிவு வேறாக இருந்து, அனைவரும் தொடக்கத்திலேயே மறுத்திருந்தால், எவரும் அறநெறிக் கேள்வி எழுப்பியிருப்பார்களா என்று மில்கிராம் கேட்டது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் பதற்றம் எதிர்பாராதது என்ற வாதம் முதல் சில அமர்வுகளுக்கு மட்டுமே பொருந்தும். அதன்பின் நூற்றுக்கணக்கானோர் வரவழைக்கப்பட்டனர். பங்கேற்பாளர் பின்னர் மகிழ்ச்சி தெரிவித்தார் என்பதால், முன்னர் அவரிடம் உண்மையான ஒப்புதல் பெறப்பட்டதாக ஆகிவிடாது.

யேல் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படும் மில்கிராமின் ஆவணங்களும் ஒலிப்பதிவுகளும் பிற்காலத்தில் ஆராயப்பட்டபோது, அவர் அளித்த சித்திரம் முழுமையானதன்று எனத் தெரிந்தது. ஆஸ்திரேலிய உளவியலாளரும் எழுத்தாளருமான ஜீனா பெர்ரி இவ்வாவணங்களையும் பங்கேற்பாளர்கள் சிலரது நேர்காணல்களையும் கொண்டு ஒரு நூல் எழுதியுள்ளார். பலருக்கு, மின்னதிர்ச்சி கேட்ட அளவிற்குக் கடுமையானதன்று என்று மட்டுமே அன்று சொல்லப்பட்டது. அதிர்ச்சியே தரப்படவில்லை என்ற முழு உண்மையை அவர்கள் மாதங்கள் கழித்து அஞ்சலில் வந்த அறிக்கையிலேயே அறிந்தனர். அதுவரை ஒரு மனிதரைத் துன்புறுத்தியதாகவோ அதைவிட மோசமாகவோ எண்ணிக்கொண்டு அவர்கள் அதே ஊரில் வாழ்ந்தனர். ஆய்வாளராக நடித்தவர் நான்கு படிகளோடு நிற்காமல் வற்புறுத்தியதும் ஒலிப்பதிவுகளில் உள்ளது. நண்பர், உறவினர் என ஏற்கெனவே பழக்கமுள்ள இருவரை ஆசிரியராகவும் மாணவராகவும் அமர்த்திய ஒரு மாறுபாட்டை மில்கிராம் வெளியிடவேயில்லை. அதில் இருபது பேரில் மூவரே இறுதி வரை சென்றனர்.

ஆய்வு விதிமுறைகள் மில்கிராம் ஒருவரால் மட்டுமே மாறின என்று கூறுவது பிழை. நாசி மருத்துவர்களின் வழக்கையொட்டி 1947இல் நூரம்பர்க் நெறிமுறையும், 1964இல் ஹெல்சிங்கி அறிக்கையும் வந்துவிட்டன. ஆயினும் அவை மருத்துவத்திற்குரியவை என்றே உளவியலாளர்கள் பலர் கருதினர். அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் கறுப்பின ஆடவர்களின் மேகநோய் 1932 முதல் சிகிச்சை தராமல் வெறுமனே கவனிக்கப்பட்டு வந்தது 1972இல் அம்பலமானது. இதன் விளைவாகவே 1974இல் அமெரிக்காவில் தேசிய ஆய்வுச் சட்டம் இயற்றப்பட்டது; 1979இல் பெல்மான்ட் அறிக்கை வெளியானது. அமெரிக்க உளவியல் கழகமும் 1973இல் மனிதப் பங்கேற்பாளர்கள் தொடர்பான தன் நெறிகளைத் திருத்தி வெளியிட்டது. அறிந்து அளிக்கும் ஒப்புதல், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, ஏமாற்று தவிர்க்கவியலாததாயின் அதை விரைவில் விளக்கிவிடும் கடமை, ஆய்வு தொடங்குமுன் நிறுவனத்தின் அறநெறிக் குழுவிடம் அனுமதி ஆகியவை நிலைபெற்றன.

பிற ஆய்வுகள்

1963இல் மில்கிராம் ஹார்வர்டுக்குத் திரும்பினார். அங்கு அவர் செய்த 'சிறிய உலகம்' ஆய்வு 1967இல் வெளிவந்தது. நெப்ராஸ்கா மாநிலத்திலும் பாஸ்டன் நகரிலும் உள்ளோரிடம் ஓர் ஆவணத்தைத் தந்து, பாஸ்டனில் பணிபுரியும் ஒரு பங்குத் தரகருக்கு, தமக்கு நேரடியாகத் தெரிந்தவர் வழியாக மட்டுமே அதைச் சேர்ப்பிக்கச் சொன்னார். 1969இல் வெளியான விரிவான ஆய்வில் 296 பேரிடம் தொடங்கியவற்றுள் 64 மட்டுமே போய்ச் சேர்ந்தன. இடையில் இருந்தோர் சராசரியாக 5.2 பேர். எந்த இருவருக்கும் இடையே ஆறு படிகளே உள்ளன என்ற பரவலான கூற்றுக்கு இதுவே அடிப்படை. போய்ச் சேராதவை எத்தனை என்பது அக்கூற்றில் மறைந்துவிடுகிறது.

அவருடைய 'தொலைந்த கடிதம்' உத்தி எளிமையானது. முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய கடிதங்களைத் தெருவில் போட்டுவிட்டு, எவை அஞ்சலில் சேர்கின்றன என்று எண்ணுவது. தனிமனிதர் ஒருவருக்கும் மருத்துவ ஆய்வு அமைப்பு ஒன்றிற்கும் முகவரியிட்ட கடிதங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு வந்தன. நாசிக் கட்சி, பொதுவுடைமைக் கட்சி ஆகியவற்றின் நண்பர்கள் பெயருக்கு இட்டவற்றில் 25 விழுக்காடே வந்தன. தாம் ஓர் ஆய்வில் பங்கேற்கிறோம் என்று கடிதத்தை எடுத்தவருக்குத் தெரியாது. ஆனால் எவரும் வருந்தவுமில்லை.

கீழ்ப்படிதல் ஆய்வைச் சுற்றிய சர்ச்சையும் ஒரு காரணமாக, ஹார்வர்டில் இவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1967இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் பட்ட மேற்படிப்பு மையத்தில் பேராசிரியராகி, இறுதி வரை அங்கேயே பணியாற்றினார். அங்கு நகர வாழ்க்கையே அவரது ஆய்வுக்கூடமானது. சுரங்க இரயிலில் காரணம் ஏதும் கூறாமல் இருக்கையைத் தரும்படி கேட்கத் தம் மாணவர்களை அனுப்பினார். மூன்றில் இரு பங்கினருக்கு மேல் இடம் கொடுத்தனர். மாணவர்கள் இதைச் செய்யத் திணறுவதைக் கண்டு மில்கிராம் தாமே ஒருமுறை கேட்கப் போனார். சொற்கள் தொண்டையில் சிக்கின. இருக்கை கிடைத்தபின், அதற்குத் தகுதியுடையவர் போலத் தோன்றவேண்டி நோயுற்றவர் போல அமர்ந்திருந்தார். எழுதப்படாத ஒரு விதியை மீறுவது எத்தனை கடினம் என்பதை மற்றவர்களிடம் அளந்த அவர், அன்று தம்மிடமே கண்டார்.

நூலும் இறுதிக் காலமும்

1974இல் வெளியான 'அதிகாரத்திற்குக் கீழ்ப்படிதல்' நூலில் மில்கிராம் தம் சோதனைகளை முழுமையாக விவரித்தார். ஆணைக்கு உட்பட்ட மனிதர், தம்மைச் செயலின் உரிமையாளராகக் கருதாமல் மற்றொருவரின் கருவியாகக் கருதும் நிலைக்கு மாறுகிறார் என்பது அவரது விளக்கம். தரவு பாராட்டப்பட்ட அளவிற்கு இவ்விளக்கம் ஏற்கப்படவில்லை. அறநெறி விவாதத்திற்கு நூலில் பின்னிணைப்பு ஒன்றை ஒதுக்கியிருந்தார். ஜிம்பார்டோவின் சிறைச் சோதனை வெளியானபின், கண்டனத்தில் ஒரு பங்கை இனி நீ ஏற்பாய் என்று மில்கிராம் நன்றி கூறியதாக ஜிம்பார்டோ நினைவுகூர்ந்திருக்கிறார். விளையாட்டாகச் சொல்லப்பட்டதாயினும் பத்தாண்டுச் சுமை அதில் தெரிகிறது.

1961 டிசம்பரில், சோதனைகள் நடந்துகொண்டிருந்தபோதே, மில்கிராம் அலெக்ஸாண்ட்ரா என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். 1980க்குப் பின் இதயநோய் மில்கிராமை வாட்டியது. 1984 டிசம்பர் 20 அன்று, தம் மாணவி ஒருவரின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் கலந்துகொண்டபின் உடல்நலம் குன்றி, மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 51.

மறுசோதனைகள்

அறநெறி விதிகள் இறுகியபின் மில்கிராமின் சோதனையை அதே வடிவில் நடத்த இயலாமல் போயிற்று. 2009இல் ஜெர்ரி பர்கர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. மில்கிராமின் பங்கேற்பாளர்களில் 150 வோல்ட்டைக் கடந்தோரில் பெரும்பாலோர் இறுதி வரை சென்றிருந்தனர். எனவே அந்த இடத்திலேயே பர்கர் நிறுத்திக்கொண்டார். பாதிக்கப்படக்கூடியவர்களை முன்கூட்டியே ஒரு மருத்துவ உளவியலாளர் நேர்கண்டு விலக்கினார். உண்மை உடனுக்குடன் விளக்கப்பட்டது. 70 விழுக்காட்டினர் 150 வோல்ட்டுக்கு மேல் செல்ல ஆயத்தமாக இருந்தனர். 2017இல் வெளியான போலந்து ஆய்வொன்றும் பத்தாவது விசையோடு நின்றது. அதில் எண்பது பேரில் 90 விழுக்காட்டினர் அவ்வளவு தூரம் சென்றனர்.